ராங்க் பட்டி கறள் பிடிச்சு அறுந்தா என்ன செய்யிறது, வாகனத்தின்ரை அடியை உப்பிலை இருந்து எப்பிடிக் காப்பாத்துறது

வேலணையிலை இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவற்றை பழைய டீசல் டபிள்கப் பிக்கப், எண்ணெய் ராங்கைத் தாங்கிற ரெண்டு பட்டியிலை பின்பட்டி கறள் பிடிச்சு அறுந்து போச்சாம், ராங்க் ஒரு பக்கம் சரிஞ்சு தொங்குதாம். ஒரு கராஜிலை அப்பிடியே வைச்சு வெல்டிங்காலை ஒட்டித் தாறம் எண்டிருக்கினம், இன்னொராள் கட்டுக்கம்பி ரெண்டு சுத்துச் சுத்தினாக் காணும் எண்டிருக்கிறார். எது சரி, மற்றது இனிமேல் கறள் வராமல் இருக்க அடிக்குப் பழைய ஒயில் அடிக்கிறதோ தார் பூசுறதோ எண்டும் கேட்டிருக்கிறார்.

தம்பி, முதல் ரெண்டும் வேண்டாம். ராங்க் அந்த இடத்திலை இருக்க ஒருத்தரையும் வெல்டிங் பிளான்ற் கொண்டு கிட்ட வர விடாதேங்கோ. டீசல் தானே, கெதியாப் பத்தாது எண்டு சொல்லுவினம். குளிர்ந்த டீசல் உண்மையா கெதியாப் பத்தாது தான், ஆனா வெல்ட் பண்ணேக்கை அந்தத் தகடு ஏறுற சூட்டிலை உள்ளுக்கை இருக்கிற டீசல் ஆவியாகும், அந்த ஆவிக்கு ஒரு பொறி காணும். பெற்றோல் எண்டா கதைக்கவே தேவையில்லை. கன பேர் ராங்க் வெறுமையா இருந்தா பயமில்லை எண்டு நினைக்கினம், உண்மை அப்பிடியே மற்றப் பக்கம். நிரம்பின ராங்கிலை காத்துக்கு இடமில்லை, வெறும் ராங்கிலை ஆவியும் காத்தும் கலந்து நிக்கும், வெடிக்கிறது அந்தக் கலவை தான். கட்டுக்கம்பியும் அப்பிடித்தான், ஒரு லீற்றர் டீசல் 830 கிராம் அளவு வரும், 60 லீற்றர் ராங்க் நிரம்பினா 50 கிலோ, ஒரு சீமெந்துப் பை. அதைக் கம்பியிலை கட்டித் தொங்கவிட்டு தீவுப்பக்கக் குழி றோட்டிலை ஓடினா கம்பி ராங்கையே அறுக்கும். வீட்டை இருந்து கராஜ் மட்டும் கொண்டு போக வேணுமெண்டா லொறிக்காரர் சாமான் கட்டுற அகலமான நைலோன் பெல்ட் ஒண்டாலை இறுக்கிக்கொண்டு மெல்லப் போகலாம், ராங்கிலை எண்ணெய் குறைவா இருக்கவேணும், பெல்ட் சைலென்சர் குழாயிலை முட்டக்கூடாது, உருகிப் போயிடும். அது அண்டைக்கு ஒரு நாளைக்கு மட்டும்.

இனி ஏன் அறுந்தது எண்டதைக் கொஞ்சம் விளங்கிக்கொள்ளுங்கோ, ஏன் எண்டா அது விளங்காமல் புதுப் பட்டி போட்டா அதுவும் கெதியிலை இப்பிடியே போகும். அறுந்த பட்டியை எடுத்துப் பாருங்கோ, வெளிப்பக்கம் பெரிசா ஒண்டும் இருந்திருக்காது, பெயின்ற் கூட மிச்சம் இருக்கும். அறுந்த இடம் அனேகமா ராங்குக்கும் பட்டிக்கும் நடுவிலை றப்பர் வைச்ச இடம், இல்லாட்டி வளைஞ்சு போல்ட்டுக்குப் போற மூலை. அந்த றப்பருக்குள்ளை மழைத்தண்ணியும் சேறும் உப்பும் போய் ஒட்டிக்கொள்ளும், வெளியாலை வெயில் எறிச்சுக் காயும், உள்ளுக்கை காயாது. இரும்பு கறள் பிடிக்கத் தண்ணியும் ஒட்சிசனும் காணும், உப்பு வந்து சேர்ந்தா வேகம் கூடிப் போகும், ஏன் எண்டா உப்புத் தண்ணியிலை மின் ஓட்டம் இலகுவாப் போகும், அதிலை இருக்கிற குளோரைட் இரும்புக்கு மேலை இருக்கிற மெல்லிய காப்பையும் உடைச்சுப் போடும். இதிலை கனபேர் கவனிக்காத விசயம் ஒண்டு இருக்கு, உப்பு தானாவே காத்திலை இருந்து ஈரத்தை இழுக்கும். காத்தின்ரை ஈரப்பதன் 75 வீதத்துக்கு மேலை போனா சாதாரண உப்புக் கரையத் தொடங்கும், கடல் உப்பிலை மக்னீசியமும் கலந்திருக்கிறதாலை அது அதுக்கு முதலே ஈரம் பிடிக்கும். எங்கடை ஊரிலை இரவிலை ஈரப்பதன் அதுக்கு மேலை போறது சாதாரணம். அப்ப நீங்கள் வாகனத்தை மழையிலை ஓடாமல் கொட்டிலுக்கை விட்டாலும் அடியிலை உப்பு இருந்தா ஒவ்வொரு இரவும் அது நனையும். தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் மூடி எப்பிடிக் கறள் பிடிக்குது எண்டு வீட்டிலை பாத்திருப்பியள், அதே கதை தான்.

உங்கடை இடம் இதிலை இன்னும் மோசம். தினம் பண்ணைப் பாலத்தாலை தாண்டித்தான் டவுனுக்கு வாறீங்கள், ரெண்டு பக்கமும் கடல், சோளகம் எண்ட தென்மேல் காத்து வீசேக்கை றோட்டிலை தூவானம் அடிச்சு முன்கண்ணாடி வெள்ளையாப் படியிறதைக் காணுறீங்கள் தானே, கண்ணாடியிலை படியிறது அடியிலையும் படியுது, கண்ணாடியைத் துடைக்கிறீங்கள், அடியைத் துடைக்கிறேல்லை. காரைநகர், ஊர்காவற்துறை, வடமராட்சிக் கரையோரம், சங்குப்பிட்டிப் பாலத்தாலை ஓடுற லொறி, ஆனையிறவுப் பக்கம் உப்பு ஏத்துற ரக்ரர் எல்லாத்துக்கும் இது தான். குளிர் நாடுகளிலை பனி உருக றோட்டிலை உப்புப் போடுறவை, அங்கையும் இதே வருத்தம். 2011 இலை ஃபோர்ட் கொம்பனி எஃப்-150 முதலான பிக்கப்புகள் கிட்டத்தட்ட 11 லட்சத்தைத் திருப்பிக் கூப்பிட்டது இதே ராங்க் பட்டி கறள் பிடிச்சு ராங்க் விழுந்ததாலை தான். எனவே நீங்கள் வாகனத்தை வடிவாப் பாக்கேல்லை எண்டு மனவருத்தப்படாதேங்கோ, பெரிய கொம்பனிக்காரருக்கே நடந்தது.

சரி, வேலைக்கு வருவம். ஒரு பட்டி அறுந்தா ரெண்டையும் மாத்துங்கோ. ரெண்டும் ஒரே வயசு, ஒரே உப்பு, முன்பட்டி இன்னும் அறாமல் இருக்கிறது அதிலை சேறு கொஞ்சம் குறைவாப் பட்டதாலை மட்டும் தான். ராங்கிலை எண்ணெய் கால்வாசிக்குக் கீழை இருந்தா வேலை சுகம், அதுக்காகத் தொங்குற ராங்கோடை ஓடித் திரியாதேங்கோ, மேலாலை ஒரு குழாய் விட்டு இறைச்சு எடுங்கோ. பெற்றோல் வாகனம் எண்டா எடுக்கிற கான் நிலத்திலை இருக்கவேணும், வாகனத்தின்ரை பெட்டிக்குள்ளை வைச்சு நிரப்பக்கூடாது. 2022 எண்ணெய் வரிசைக் காலத்திலை வீடுகளிலை எல்லாம் கான்களிலை சேத்து வைச்சுப் பழகினதாலை எங்களுக்குப் பயம் விட்டுப் போச்சு, அந்தப் பயம் இருக்கவேணும். பற்றரியின்ரை மைனஸ் வயரைக் கழட்டிப் போடுங்கோ. வெளி முத்தத்திலை, காத்தோட்டமா, மட்டமான நிலத்திலை செய்யுங்கோ. கராஜ் குழிக்குள்ளை பெற்றோல் வாகனத்தின்ரை ராங்க் வேலை செய்யவே கூடாது, பெற்றோல் ஆவி காத்தை விடப் பாரம், அது குழிக்குள்ளை போய்த் தண்ணி மாதிரி நிக்கும், மேலை நிக்கிறவைக்கு மணமும் பெரிசாத் தெரியாது. லைற் எண்டா பற்றரி ரோச், பழைய வயர்க் குண்டு பல்ப் இல்லை.

ரெண்டு மூண்டு நாளைக்கு முதலே போல்ட்டுகளுக்குக் கறள் இளக்கிற ஒயில் அடிச்சு விடுங்கோ, காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, அடிச்சுப்போட்டு சின்னச் சுத்தியலாலை நட்டின்ரை பக்கத்திலை தட்டுங்கோ, அதிர்விலை ஒயில் உள்ளுக்கை இறங்கும். முதல் கம்பிப் பிரஷ்ஷாலை வெளியிலை நிக்கிற போல்ட்டின்ரை புரியைத் துப்பரவாக்க வேணும், இல்லாட்டி நட் பாதி வழியிலை இறுகி போல்ட் முறியும். கழண்டு வராட்டி கைவாளாலை ஒயில் விட்டு விட்டு மெல்ல அறுக்கலாம். வேறை வேலையிலை எண்டா காஸ் வைச்சுச் சூடாக்குவம், கிறைண்டர் பிடிப்பம், இதிலை ரெண்டுமே இல்லை. பொறுமை தான் ஆயுதம், அரை நாள் போனாப் போகட்டும்.

ஜக்குக்கு மேலை ராங்கின்ரை அளவுக்கு அகலமான ஒரு பலகை வைச்சு, அதிலை ராங்கை முட்டக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு தான் பட்டியிலை கை வைக்கவேணும். வாகனம் வேறையா ஸ்ராண்டிலை நிக்கவேணும், ஜக்கை நம்பி ஒருத்தரும் அடியிலை படுக்கக்கூடாது. ஒவ்வொரு பட்டியா மாத்தினா ராங்கைக் கழட்டாமலே வேலை முடியும், ஆனா உங்கடை வாகனத்தின்ரை வயசுக்கு நான் சொல்லுறது, எடுத்த எடுப்பிலை ராங்கை முழுசா இறக்கிப் பாருங்கோ எண்டு தான். ராங்கின்ரை மேல்பக்கம் ஒருத்தரும் காணாத இடம், அதிலை சேறு படிஞ்சு கிடந்து ஊசித்துளை மாதிரி ஓட்டை விழுந்திருக்கும், பட்டி றப்பர் இருந்த அடையாளத்திலையும் குழி குழியா இருக்கும். கட்டை விரலாலை அழுத்திப் பாருங்கோ, தகடு நெளிஞ்சா அந்த ராங்குக்குப் புதுப் பட்டி போட்டுப் பிரயோசனம் இல்லை, வேறை ராங்க் தேடுங்கோ, கொழும்பு பஞ்சிகாவத்தையிலை பழைய சாமான் கடைகளிலை விசாரிச்சா இன்னும் கிடைக்கும். எண்ணெய் ஊத்துற கழுத்துக் குழாய், எண்ணெய் போய் வாற ரெண்டு குழாய், அதோடை பிறேக் குழாய் எல்லாத்தையும் பாருங்கோ. பிறேக் குழாயை மறக்காதேங்கோ, ராங்க் பட்டிக்குப் பக்கத்தாலை தான் அது பின் சில்லுக்குப் போகுது, பட்டி அறுந்த வாகனத்திலை பிறேக் குழாய் நல்லா இருந்ததை நான் கண்டது குறைவு. அது மாத்திறதெண்டா செம்பும் நிக்கலும் கலந்த குழாய் எண்டு கேட்டு வாங்குங்கோ, அது கறள் பிடியாது. பிறிஜ் வேலைக்காரரிட்டை இருக்கிற வெறும் செப்புக் குழாயைப் போடச் சொல்லி ஆராவது சொன்னா கேக்காதேங்கோ, பிறேக்கின்ரை அமுக்கத்துக்கும் அதிர்வுக்கும் அது காலப்போக்கிலை வெடிக்கும்.

இனிப் பட்டி. ஒறிஜினல் கிடைச்சா அதைத்தான் போடவேணும், ஆனா பழைய மொடலுகளுக்கு அனேகமாக் கிடையாது. லேத் பட்டறையிலை செய்விக்கலாம், அறுந்த துண்டுகள் எல்லாத்தையும் எறியாமல் கொண்டு போங்கோ, அதை வைச்சுத் தான் நீளமும் வளைவும் எடுக்கிறது. பழைய பட்டியின்ரை அகலத்துக்குக் குறையக்கூடாது, தடிப்பும் அப்பிடித்தான், கறள் தின்ற இடத்திலை அளக்காமல் நல்லா இருக்கிற இடத்திலை அளவுங்கோ. தடிப்புக் கூட இருந்தா நல்லது எண்டு 5 மில்லிமீற்றர் பட்டை போட்டுத் தருவினம், அது வளைஞ்சு ராங்கிலை வடிவா ஒட்டாது, ரெண்டு மூலையிலை மட்டும் முட்டி ராங்கிலை பள்ளம் விழுத்தும். வளைக்கிற இடத்திலை கூர் மடிப்பு வேண்டாம், வட்டமா வளைக்கச் சொல்லுங்கோ, கூர் மடிப்பிலை தான் வெடிப்புத் தொடங்கும். ஒட்டு வேலை, துளை வேலை எல்லாம் முடிச்சுப் பிறகு தான் நாகப் (சிங்க்) பூச்சு, பூச்சு முடிஞ்ச பட்டியிலை திருப்பி ஒட்டினா அந்த இடத்திலை பூச்சு எரிஞ்சு போகும், அதிலை வாற புகையும் ஒட்டிறவருக்குக் கூடாது.

ஸ்ரெயின்லெஸ் பட்டி போடலாமோ எண்டு அடுத்த கேள்வி வரும் எண்டு தெரியும். போடலாம், கடற்கரைக்கு 316 எண்ட ரகம் தான் நல்லது. ஆனா ஸ்ரெயின்லெஸ்ஸும் சாதாரண இரும்பும் உப்புத் தண்ணிக்குள்ளை தொட்டுக்கொண்டு நிண்டா இரும்பு தான் கெதியாக் கரையும். பட்டி பெரிசு, ராங்கின்ரை பெயின்ற்றிலை ஒரு சின்னக் கீறல், அந்தக் கீறலிலை முழுத் தாக்கமும் போய் விழும், பட்டி மினுங்கிக்கொண்டிருக்க ராங்க் ஓட்டையாகும். ஆகவே ஸ்ரெயின்லெஸ் போட்டா ஓரத்தையும் மூடி மடிஞ்சு வாற மாதிரி றப்பர் கட்டாயம், ராங்குக்கும் நல்ல பெயின்ற். எனக்கு எண்டா நாகப் பூச்சுப் பூசி அதுக்கு மேலை எபொக்சி அடிச்ச சாதாரண இரும்பு காணும்.

றப்பர் விசயத்திலை நான் ஒரு பிழை விட்டனான், அதைச் சொல்லவேணும். கன வருசத்துக்கு முதல் ஒரு வானுக்குப் பட்டி புதுசாச் செய்து, பெயின்ற் எல்லாம் வடிவா அடிச்சு, ராங்குக்கு மெத்தையா இருக்கட்டும் எண்டு நடுவிலை கம்பளத் துண்டு மடிச்சு வைச்சனான். பாக்க நல்ல இறுக்கமா, சத்தம் இல்லாமல் இருந்தது. ரெண்டாவது மாரி முடியேக்கை வான் திருப்பி வந்தது, அதே பட்டி, கம்பளம் இருந்த நீளத்துக்குக் கடதாசி மாதிரி மெல்லிசாய்ப் போயிருந்தது. கம்பளம் மாரி முழுக்கத் தண்ணியைக் குடிச்சு வைச்சிருந்து பட்டிக்குக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கு. அந்த வானிலை பள்ளிக்கூடப் பிள்ளையள் போய் வந்தவை. அதுக்குப் பிறகு சாக்கு, கம்பளம், ஸ்பொஞ், துணி ஒண்டும் நான் ராங்குக்குக் கிட்ட வைச்சதில்லை. தண்ணி குடியாத கெட்டி றப்பர் தான். ரயர் ரியூப் வெட்டிப் போடுறது இஞ்சை வழக்கம், தண்ணி குடியாது தான், ஆனா டீசல் பட்டா ஊதி வழுக்கும், எண்ணெய்க்குத் தாங்கிற நைற்றைல் றப்பர் ஷீற் கேட்டு வாங்கினா ஒருக்காச் செலவோடை முடியும். பட்டியிலை பசை வைச்சு முழுசா ஒட்டுங்கோ, இடைவெளி இருந்தா அதுக்குள்ளை தண்ணி போய்க் குடியிருக்கும்.

பூட்டேக்கை புது போல்ட், 8.8 எண்டு தலையிலை அடிச்சது, நைலோன் வளையம் வைச்ச நட் இல்லாட்டி ரெண்டு நட். புரிக்குக் கிறீஸ் பூசிப் பூட்டினா அடுத்த தரம் கழட்டுறவர் உங்களை வாழ்த்துவார். ரெண்டு பட்டியையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்கோ. பலம் காட்டாதேங்கோ, ராங்க் அசையாமல் இருந்தாக் காணும், பிளாஸ்ரிக் ராங்க் எண்டா கூட இறுக்கினா நெளியும். ஒரு கிழமை ஓடிப்போட்டுத் திருப்பி ஒருக்கா இறுக்கம் பாருங்கோ, றப்பர் படிஞ்சு கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

இனி அடியைப் பாதுகாக்கிறது. இதிலை நான் எல்லாருக்கும் முதல் கேக்கிற கேள்வி, எந்தத் தண்ணியிலை கழுவுறீங்கள்? தீவிலையும் கரையோரத்திலையும் கிணத்துத் தண்ணி சவர். சவர்த் தண்ணியாலை அடியைக் கழுவிறது உப்பைக் கழுவி உப்பைப் பூசிற வேலை, அதுவும் பிறஷர் மெசினாலை அடிச்சா போகாத இடத்துக்கும் போகும். தண்ணியை நாக்கிலை வைச்சுப் பாருங்கோ, கரிச்சா அது வாகனத்துக்கு ஆகாது. டவுனிலை சேர்விஸ் ஸ்ரேசனிலை கழுவினாலும் அவையின்ரை கிணறு எப்பிடி எண்டு கேளுங்கோ, கேக்கிறதிலை வெக்கம் இல்லை. உங்களுக்கு நான் சொல்லுற வழி மழைத்தண்ணி. குடிக்கிறதுக்கே பவுசர் பாக்கிற ஊரிலை வாகனத்துக்கு நல்ல தண்ணி எங்கை எண்டு யோசிப்பியள், ஆனா மாரியிலை கூரைத் தண்ணியை ஒரு ராங்கிலை பிடிச்சு வைச்சா அதிலை உப்பு இல்லை, பீலியின்ரை முதல் மழையை மட்டும் விட்டிடுங்கோ. தோட்டத்துக்கு மருந்தடிக்கிற முதுகு மெசின் மாதிரி ஒண்டு புதுசா வாங்கினா 15 லீற்றரிலை முழு அடியையும் நனைச்சுக் கழுவலாம். மருந்து அடிச்ச பழைய மெசினை எடுக்காதேங்கோ. சோளகக் காலத்திலை கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் செய்யுங்கோ. சேசிஸ் கட்டைக்கு உள்ளுக்கும், கதவின்ரை அடியிலையும் தண்ணி வடியத் துளைகள் இருக்கு, அதைக் கம்பியாலை குத்தி எடுத்து விடுங்கோ, சேறு அடைச்சுக்கொண்டு உள்ளுக்கை குளம் கட்டியிருக்கும்.

பூச்சுக்கு வாறன். தார் வேண்டாம் தம்பி. கறளுக்கு மேலை தார் பூசினா மேலாலை கறுப்பா அழகா இருக்கும், ஒரு வருசத்திலை தார் காஞ்சு வெடிக்கும், அந்த வெடிப்பாலை உள்ளுக்கை போன தண்ணி வெளியிலை வராது, தார் உள்ளுக்கை இருக்கிற நோயை மூடி மறைச்சுப்போடும். பழைய எஞ்சின் ஒயிலும் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு வேலை செய்யும் எண்டது உண்மை, ஆனா அதிலை அமிலமும் உலோகத் தூளும் இருக்கு, றப்பர் புஷ்ஷுகளைப் பழுதாக்கும், தோலுக்குக் கூடாது. அதை விட, அது சொட்டுச் சொட்டா விழுறது எங்கடை நிலத்திலை. சுண்ணாம்புக் கல்லு நிலம், மேலை ஊத்தினது கீழை கிணத்துக்குப் போக நேரம் எடுக்காது, சுன்னாகத்திலை கிணறுகளிலை எண்ணெய் வந்து சனம் பட்ட பாடு எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

செய்யிற முறை இது. கழண்டு வாற கறளைச் சுத்தியலாலை தட்டி, கம்பிப் பிரஷ்ஷாலை சுரண்டி எடுங்கோ. அதுக்குப் பிறகு நல்ல தண்ணியாலை கழுவுங்கோ, ஏன் எண்டா கறளின்ரை குழிக்குள்ளை உப்பு ஒளிச்சிருக்கும், பெயின்ற்றுக்குக் கீழை அந்த உப்பு நிண்டா கொப்புளமா எழும்பும். ரெண்டு நாள் நல்ல வெயிலிலை காய விடுங்கோ. மிச்சமா ஒட்டியிருக்கிற கறளுக்கு பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாத்தி பூசினா கறுத்துப் போய் கெட்டியாகும், கையுறை போட்டுக்கொள்ளுங்கோ. பிறகு ரெண்டு கலவை சேர்க்கிற எபொக்சி பிறைமர் ரெண்டு பூச்சு. ரெட் ஒக்சைட் மட்டும் அடிச்சிட்டு விடுறவை கன பேர், கேற்றுக்குக் காணும், கடல் தாண்டுற வாகனத்துக்குக் காணாது. சேசிஸ் கட்டையின்ரை உள்ளுக்கும், பெயின்ற் போகேலாத இடுக்குகளுக்கும் மெழுகு இல்லாட்டி செம்மறி ஆட்டு மயிர்க் கொழுப்பிலை செய்யிற லனோலின் ஸ்பிறே அடிக்கலாம், அது காயாமல் மெல்லிய படையா நிண்டு, கீறல் விழுந்தாலும் மெல்லமா ஊர்ந்து மூடும், ஆனா வருசம் ஒருக்காத் திருப்பி அடிக்கவேணும். கனடாவிலை இருக்கிற எங்கடை ஆக்கள் பனிக்கு முதல் வருசா வருசம் வாகனத்துக்கு ஒயில் அடிப்பிக்கிறது இதுக்குத் தான். இஞ்சை நல்லூர்த் தேர் முடிஞ்ச கையோடை செய்யுங்கோ, சோளகத்தின்ரை உப்பையும் கழுவலாம், மாரிக்கு முதல் காயவும் வெயில் இருக்கும். சைலென்சரிலையும் பிறேக் டிஸ்க்கிலையும் ஒண்டும் படக்கூடாது.

பற்றரியிலை பூட்டி விட்டா கறளே வராது எண்டு விக்கிற சின்னப் பெட்டியளுக்குக் காசு குடுக்காதேங்கோ. வள்ளத்திலையும் கப்பலிலையும் நாகத் துண்டு பூட்டுறது வேலை செய்யிறது, அந்த இரும்பும் நாகமும் ஒரே கடல் தண்ணிக்குள்ளை நிக்கிறதாலை மின்சுற்று முழுமையாகுது. வாகனம் காத்துக்குள்ளை ஓடுது, அந்தச் சுற்று அங்கை இல்லை.

வாகன இறக்குமதி 2020 இலை நிண்டு 2025 இலை தான் திறந்தது, விலை எங்கையோ போயிட்டுது, ஆனபடியா உங்கடை டபிள்கப் இன்னும் கன வருசம் உங்களோடை தான் இருக்கப் போகுது. வருசா வருசம் போற எமிஷன் டெஸ்டிலை புகையைத் தான் பாப்பினம், அடிக்குக் கீழை ஒருத்தரும் குனிஞ்சு பாக்கமாட்டினம். இந்தக் கிழமை ராங்கை இறக்கேக்கை பின் இடது சில்லுப் பக்கம் பிறேக் குழாயைக் கையாலை தடவிப் பாருங்கோ, கை கறளாலை சிவந்தா பட்டி வாற மட்டும் காத்திராமல் முதல் அதை மாத்துங்கோ. பழைய பட்டியின்ரை அகலம், தடிப்பு, போல்ட் துளைக்குத் துளை நீளம் மூண்டையும் எழுதி அனுப்பினா பட்டறைக்குக் குடுக்க அளவுப்படம் கீறித் தாறன்.